கோரிக்கை மனு: ஆட்டிசச் சேவைகள் கும்மிடிப்பூண்டிக்கு வர வேண்டும்

அனுப்புநர்: கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களில் வாழும் ஆட்டிசம் உள்ளோரின் பெற்றோர் சங்கத்தினர்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர் மாவட்டம்

பொருள்: ஆட்டிசம் உள்ளோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உரிய சேவைகளைக் கும்மிடிப்பூண்டியிலேயே கிடைக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.



ஆட்டிசச் சேவைகளுக்காகக் கும்மிடிப்பூண்டியிலிருந்து நமது மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு ரயிலில் வர வேண்டுமென்றால், சென்னையில் பேசின் பிரிட்ஜ் வரை போய், அங்கே அரக்கோணம் தடத்துக்கு மாறி வர வேண்டும். சாலை வழியென்றால் பெரியபாளையம் வழியாக நீண்ட பயணம். கூட்டத்தையும் ஹாரன் சத்தத்தையும் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையோடு இந்தப் பயணத்தைச் செய்கிறவர்கள் நாங்கள். அன்றைய ஷிப்டுக் கூலியும் போய்விடும். முட்டுக்காட்டிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போவதும் எளிதல்ல.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. அந்த அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். இவையெல்லாம் இருப்பது எங்களில் பலருக்கு எந்த அலுவலகமும் சொல்லித் தெரியவில்லை. மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தாய் சொல்லித் தெரிந்தது. எங்கள் சங்கமே அப்படிப்பட்ட வரிசைகளில் உருவானதுதான்.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை, கும்மிடிப்பூண்டியில் ஓர் அறை, வாரத்தில் ஒரு நிலையான நாள், பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு பொறுப்பாளர் என்பதே. அரசு மருத்துவமனையிலோ வட்டார வள மையத்திலோ அந்த அறை இருக்கலாம். மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தின் உளவியலாளரும், பேச்சுப் பயிற்சியாளரும், ஆக்குபேஷனல் தெரபி அளிப்பவரும் அந்த நாளில் அங்கே வர வேண்டும். எந்த உதவி எங்கே கிடைக்கும், என்ன சான்று வேண்டும், யாரைக் கேட்பது என்பதை ஒரே தாளில் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு, அங்கன்வாடிகளிலும் தொழிற்சாலை வாயில்களிலும் தர வேண்டும். இரண்டு வயதாகியும் பேசாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையைப் பற்றி, "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று சொல்லியே எத்தனையோ வீடுகளில் பொன்னான ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அந்தக் குடும்பத்தின் கைக்கு முதலில் போய்ச் சேர வேண்டிய தாள் இது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மதிப்பீடு பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. பிள்ளையைக் கவனித்து, பெற்றோரிடம் பேசி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட வேண்டும். ஒலிபெருக்கி முழங்கும் திருமண மண்டப முகாமில், ஐந்து நிமிடத்தில் இது நடக்கிற காரியமா? மிரண்டுபோன பிள்ளையைப் பார்த்துப் போடும் மதிப்பெண் அந்தப் பிள்ளையின் உண்மை நிலையைக் காட்டாது. குறைபாட்டு விழுக்காடு 40-க்குக் கீழே இறங்கிவிட்டால் பல உரிமைகளின் கதவு சாத்தப்படும். எனவே ஆட்டிச மதிப்பீட்டை முன்பதிவு செய்து, அமைதியான அறையில், தாய்மொழி தெரிந்த ஒருவரின் துணையோடு நடத்த ஆணையிடக் கோருகிறோம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழ்வோரையும், வடமாநிலங்களிலிருந்து வந்து வாடகை வீடுகளில் இருப்போரையும் குடும்ப அட்டை இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாமல், வேறு ஆவணங்களை ஏற்க வழிகாட்ட வேண்டும்.

பள்ளிகளில், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்ற விகிதத்தை ஒன்றிய அரசு 2022-இல் வகுத்தது. ஒரே பயிற்றுநர் ஊர் ஊராகச் சுற்றிவந்து அந்த விகிதத்தை நிறைவு செய்ய முடியாது. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் ஒன்றியங்களின் காலியிடங்களை முதலில் நிரப்புமாறு வேண்டுகிறோம்.

சிப்காட் தொழிற்பேட்டை பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கும் தேர்வாய்கண்டிகையிலும் உள்ள ஆலைகளில் வேலை செய்யும் பெற்றோர் பலர் இ.எஸ்.ஐ. சந்தா கட்டுகிறவர்கள். குறைபாட்டால் பெற்றோரின் வருவாயையே முழுதும் சார்ந்து வாழும் மகனோ மகளோ எந்த வயதிலும் இ.எஸ்.ஐ. பயன்பெறும் குடும்பத்தினரே என்பது விதி. ஒப்பந்தத் தொழிலாளருக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தொழிற்சாலை நிர்வாகங்களைத் தாங்கள் அழைத்துப் பேசி, தெரபி நாளில் ஷிப்டு மாற்றித் தரவும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியை மேற்சொன்ன அறைக்கு ஒதுக்கவும் கேட்க வேண்டும். அந்த நிதியில் வரும் நிழற்குடையும் நோட்டுப் புத்தகமும் வேண்டாம் என்பதல்ல. அவற்றுக்கு அடுத்த வரிசையிலாவது எங்கள் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கட்டும்.

பதினெட்டு வயது தாண்டியவர்களின் நிலை இன்னும் மோசம். பள்ளி முடிந்ததும் வீட்டுச் சுவர்தான். பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றும், பொட்டலமிடுதல், தரம்பிரித்தல் போன்ற பணிகளில் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் தேவை. சட்டப்படியான பாதுகாவலர் நியமனத்துக்குத் தங்கள் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழு, காலாண்டுக்கு ஒருமுறையாவது கும்மிடிப்பூண்டியில் கூடினால் வயதான பெற்றோர் அலைய வேண்டியதில்லை.

கொல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் எங்கள் வீடுகளுக்கு அருகிலேயே ஓடுகின்றன. வீட்டைவிட்டு வழிதவறிப் போகும், பேர் கேட்டால் பதில் சொல்லத் தெரியாத பிள்ளையைத் திருடனென்றோ குடிகாரனென்றோ எண்ணி அடித்துவிடாதிருக்க, காவல் நிலையங்களுக்கும் ரயில்வே காவலர்களுக்கும் ஒருநாள் பயிற்சி அளிக்க வேண்டும்.

இவற்றில் முதல் கோரிக்கைக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. தங்கள் ஆணை ஒன்று போதும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், சிப்காட் திட்ட அலுவலர் ஆகியோருடன் எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளையும் அழைத்து வருவோம். ஒலிபெருக்கி இல்லாத அறையாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

நகல்: மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர், சென்னை