துப்பாக்கி உறங்கும் இடம்

துப்பாக்கி பற்றிய விவாதம் எங்கே எழுந்தாலும், அது யாரிடம் இருக்கலாம் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. அது எங்கே இருக்கலாம் என்ற அடுத்த கேள்வியை எவரும் கேட்பதில்லை. பத்திரிகைத் தொழிலில் கழிந்த என் ஆண்டுகளில் 'அனுமதிப்பத்திரம் பெற்ற துப்பாக்கி தற்செயலாக வெடித்தது' என்ற வரியைப் பலமுறை செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தத் தற்செயல் பெரும்பாலும் நிகழ்ந்த இடம் வீடு.

2024 ஒக்டோபரில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு ஓர் அறிவித்தல் விடுத்தது. தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக வெலிசறைக் கடற்படை வளாகத்தில் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு கேட்டது. நவம்பர் 7 என்று முதலில் குறிக்கப்பட்ட காலக்கெடு பின்னர் நீடிக்கப்பட்டது. எந்த அரசியல்வாதியிடம் எத்தனை துப்பாக்கி என்ற ஆராய்ச்சியில் நாடு மூழ்கிப்போனது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. உரிமையாளர் ஒருவராகவும், துப்பாக்கி இருக்கும் இடம் வேறொன்றாகவும் அமையலாம் என்பதை அரசு சில நாட்களுக்கேனும் நடைமுறையில் காட்டியது.

இந்தக் கேள்வியைக் கொழும்பிலிருந்து பார்க்காமல் டயகமவிலிருந்து பார்க்க விரும்புகிறேன். அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் இருக்கிறது டயகம. சரிவெங்கும் தேயிலை, ஓடைக்கரைகளில் லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும். காட்டின் எல்லையில் தோட்டம் போட்டவனுக்குப் பன்றி இரவு விருந்தாளி. ஒரு போகத்தின் உழைப்பை ஓர் இரவில் உழுதுவிட்டுப் போய்விடும். பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டும் என்று அங்கே ஒருவர் கேட்டால் அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

மலையகத்தில் துப்பாக்கிக்கு ஒரு வரலாறும் உண்டு. அது நெடுங்காலம் துரை பங்களாவுக்கு உரிய பொருளாகவே இருந்தது. வெள்ளைக்காரத் துரைமாருக்கென்றே 1900 முதல் 1949 வரை ஒரு ரைபிள் படை கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. தொழிலாளி துப்பாக்கியை அதன் முனைப்பக்கத்திலிருந்துதான் கண்டான். 1940இல் முல்லோயாவில் கோவிந்தனும், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணனும் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். இப்படிப்பட்ட மண்ணில், 'மற்றவர்களிடம் இருக்கலாம், உங்களிடம் மட்டும் இருக்கக் கூடாது' என்று சொல்வதற்கு எவருக்கும் தகுதி இல்லை. ஆகவே நான் கேட்பது உரிமையைப் பற்றியன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பராவில், பாட்டியும் பேரனும் ஒரே பாயைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், அந்தத் துப்பாக்கியை எந்த மூலையில் வைப்பது?

பூட்டி வைக்கலாமே என்பார்கள். அந்தப் பதிலைச் சோதித்துப் பார்த்த நாடு நம் நாடேதான். துப்பாக்கியில் அல்ல, கிருமிநாசினியில்.

தோட்டத்து வழக்கில் அதற்கு 'மருந்து' என்று பெயர். மலையகத்தில் அந்த மருந்தினால் உறவுகளை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்ற நிலையில் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய நச்சுவகைகள் அந்த ஆண்டிலும், எண்டோசல்பான் 1998இலும் தடுக்கப்பட்டன. பத்தே ஆண்டுகளில் வீதம் பாதியாகக் குறைந்தது. 2008 முதல் 2011 வரையான காலத்தில் பரகுவாட் உள்ளிட்ட மேலும் மூன்று விலக்கப்பட்டன. வீதம் இன்னும் இறங்கியது. விளைச்சல் வீழ்ந்துவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் மெய்ப்படவில்லை.

இதற்கிடையே இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கிய பெரிய ஆய்வு. ஒரு பாதிக் கிராமங்களுக்குக் கிருமிநாசினியை வைத்துப் பூட்டப் பெட்டிகள் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பெட்டி கிடைத்த கிராமங்களில் நஞ்சருந்துவோர் குறைந்ததற்குச் சான்று இல்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. பெட்டி இருக்கும் வீட்டிலேயே சாவியும் இருக்கிறது. எவரிடமிருந்து பொருளைக் காக்க வேண்டுமோ, அவரும் அந்த வீட்டிலேயே இருக்கிறார்.

கோபமும் விரக்தியும் நெடுநேரம் நிற்பவை அல்ல. அந்தச் சிறு பொழுதில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பல உயிர்களின் விதியைத் தீர்மானிக்கிறது. இஸ்ரேலிய இராணுவம் 2006இல் ஒரு சிறிய மாற்றம் செய்தது. வார இறுதி விடுமுறையில் வீடு செல்லும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்றது. சிப்பாய்களின் தற்கொலைகள் ஏறத்தாழ 40 வீதம் குறைந்தன. குறைந்தவை வார இறுதி மரணங்களே. வார நாட்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. ஒருவரின் துப்பாக்கியும் பறிக்கப்படவில்லை. அது உறங்கும் இடம் மட்டுமே மாறியது.

விளையாட்டுத் துப்பாக்கியைப் பற்றி ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு பாடம் உண்டு. 1996 மார்ச் 13 அன்று டன்பிளேன் ஆரம்பப் பாடசாலையில் பதினாறு பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றவனிடம் இருந்தவை சட்டப்படி அனுமதி பெற்ற கைத்துப்பாக்கிகள். விசாரணை நடத்திய கல்லன் பிரபு, துப்பாக்கியின் முக்கிய பாகத்தைக் கழற்றிச் சுடும் கழகத்தில் வைத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியை முதலில் பரிசீலிக்கச் சொன்னார். அது இயலாதெனில் தடை என்றார். 1997இன் முதற் சட்டம் சிறிய .22 ரகத்தை மட்டும் கழகக் காப்பறைகளில் வைத்திருக்க விட்டது. அதே ஆண்டின் இரண்டாம் சட்டம் அதையும் நீக்கியது. இடைவழியில் உடன்பாடு காணாத இடத்தில் முழுத் தடை வந்து நிற்கும் என்பதைச் சுடுகலை ஆர்வலர்கள் கவனிக்க வேண்டும்.

மறுபக்கத்தில் சுவிற்சர்லாந்து. இராணுவத் துப்பாக்கிகளை வீடுகளிலிருந்து எடுத்து ஆயுதசாலையில் வைக்க வேண்டும் என்ற யோசனையை 2011 பெப்ரவரி 13 வாக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள் 56.3 வீதத்தினர் நிராகரித்தார்கள். ஆயினும் விரும்பிய சிப்பாய் கட்டணமின்றி ஆயுதசாலையில் ஒப்படைக்கலாம் என்ற வசதி 2010 முதல் உண்டு. அங்கே குடியுரிமை பெற்ற நம்மவரின் ஆண்பிள்ளைகளுக்கும் இராணுவச் சேவை கடமை. பேர்ணிலோ சூரிச்சிலோ இதைப் படிக்கும் பெற்றோர் அந்த வசதியைப் பற்றி இன்றிரவே மகனுடன் பேசலாம்.

எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். துப்பாக்கிகளை ஓரிடத்தில் குவித்தால் கொள்ளைக்காரனுக்கு வசதியாகிவிடாதா? 1971 ஏப்ரலில் கிளர்ச்சியாளர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியதற்கு அங்கிருந்த ஆயுதங்களும் ஒரு காரணம். உண்மைதான். ஆனால் அதே கிளர்ச்சியாளர்கள் வீடு வீடாகச் சென்று வேட்டைத் துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டியவர்களுக்கு ஒரு குடும்பம் மறுப்புச் சொல்லியிருக்க முடியுமா? காப்பறைக்குக் காவல் போடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் போட முடியாது.

பன்றி வரும் நேரத்துக்குக் காப்பறை திறந்திருக்காதே என்பது உழவரின் கேள்வி. இதுவே வலுவான கேள்வி. இதற்கு என் பதில்: விளையாட்டுத் துப்பாக்கிக்கு இரவில் வீட்டில் எந்த வேலையும் இல்லை, அது சுடும் திடலின் காப்பறையில் இருக்கட்டும். தற்பாதுகாப்புத் துப்பாக்கி, உண்மையான ஆபத்து உள்ளவரிடம் மட்டும், ஆபத்து உள்ள காலம் வரை இருக்கட்டும். பயிர்த் துப்பாக்கியை ஒரு வட்டாரத்து விவசாயிகள் கூட்டாக வைத்திருக்கலாம். கமநல சேவை நிலையமோ தோட்ட அலுவலகமோ பொறுப்பேற்று, காவல் முறை எவருடையதோ அவரிடம் மாலையில் கையொப்பம் வாங்கிக் கொடுத்து, காலையில் திரும்பப் பெறட்டும். கொழுந்து நிறுக்கப் பதிவேடு வைக்கத் தெரிந்த தோட்டத்துக்கு இந்தப் பதிவேடு ஒரு பாரமாகாது. மருந்துப் போத்தலும் அதே காப்பறைக்குப் போகட்டும்.

கூட்டுக் காப்பறைக்கு இடமும் காவலும் அரசு கொடுக்க வேண்டும், அதற்குச் செலவாகும். அந்தச் செலவை ஏற்காமல் அனுமதிப்பத்திரத்தை மட்டும் கொடுத்தால், லயன் காம்பராவின் கூரைக்கடியில் இன்னொரு ஆபத்தைச் செருகிவைத்த பொறுப்பும் அரசையே சாரும்.