அந்த ஊசி யார் விரலில் குத்தும்?

காய்கறித் தோல், ஊசிப்போன சாம்பார், பால்கோவா சுற்றிவந்த காகிதம், பாப்பாவின் டயாப்பர், தாத்தாவுக்கு இன்சுலின் போட்ட ஊசி... எல்லாம் ஒரே கேரி பேகில்! முடிச்சுப் போட்டு வாசலில் வைத்துவிட்டு, 'முனிசிபாலிடி என்னதான் செய்யுது?'ன்னு கேட்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரானாலும் ராஜபாளையமானாலும் இதே கதைதான்.

ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 2016-லேயே மத்திய அரசு விதி போட்டாச்சு. நாம் பிரிக்காததை யார் பிரிக்கிறது? தூய்மைப் பணியாளர்தான், கையால்! அந்த ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி மட்டுமல்ல, எய்ட்ஸ் கிருமிகூட தொற்றலாம். இத்தனைக்கும், ஊருக்கெல்லாம் காயத்துக்குக் கட்ட பாண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கு!

காய்கறிக் கழிவைத் தனியாகக் கொடுத்தால் உரமாகும். சாம்பாரில் ஊறிய அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரர்கூட தொடமாட்டார். அது குப்பைமேட்டுக்குத்தான். அங்கே தீப்பிடித்தால் பிளாஸ்டிக் புகையோடு டயாக்சின் நஞ்சும் நம்ம ஜன்னலுக்கே திரும்பி வரும்.

பிரித்துக் கொடுத்ததையும் வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் சும்மா விடாதீங்க, நகராட்சியில் போய்க் கேளுங்க. அதற்கு முன்னால், ஊசியை மூடி போட்ட கெட்டி டப்பாவில் போட்டு, மேலே 'ஊசி'ன்னு எழுதித் தனியாகக் கொடுத்திடுங்க. டயாப்பரையும் பேப்பரில் சுற்றி!