பொருளும் பார்வையும்

அரசாங்கக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் அத்துப்படி. கடிதத்தின் தலையில் முதலில் 'பொருள்' என்று போடுவோம். அதற்குக் கீழே 'பார்வை' என்று போட்டு, பழைய கடிதங்களின் எண்ணையும் நாளையும் எழுதுவோம். 36 வருடம் இதையே எழுதினேன். எழுதும்போது ஒரு நாளும் அந்தச் சொற்களின் அர்த்தத்தை நினைத்துப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, என் பேத்தி எடுத்த ஒரு நிமிட வீடியோதான் என்னை நினைக்க வைத்தது.

மகள் வயிற்றுப் பேத்தி. வேலூரில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். அதில் வீடியோ கலை என்று ஒரு பாடம். சேர்க்கும்போதே சொந்தக்காரர்கள் கேட்டார்கள்: "கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பதற்குக் கல்லூரியில் பணம் கட்டிப் படிக்க வேண்டுமா? செல்போன் வைத்திருக்கிற எல்லாரும்தானே எடுக்கிறார்கள்?" அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். என்னிடமும் பதில் இல்லை.

அவளுக்குக் கொடுத்த பயிற்சி இது. ஒரு நிமிடம். ஒரே ஷாட். நடுவில் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, பாட்டுச் சேர்க்கக் கூடாது. உன் ஊரில் உள்ள ஒரு வேலையைக் காட்டு. எடுத்த பிறகு வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும், மற்றவர்கள் விமர்சனம் செய்வார்கள்.

விடுமுறைக்கு இங்கே வாலாஜாபேட்டைக்கு வந்தவள், மாலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும் எங்கள் தெருமுனையில் நின்று, பெண்கள் இறங்குவதை எடுத்துக்கொண்டு போனாள். வகுப்பில் ஆசிரியர், "மாலை வெளிச்சம் அருமையாக விழுந்திருக்கிறது" என்றாராம். கூடப் படிக்கும் பையன் ஒருவன், "ஒன்றுமே நடக்கவில்லையே, எதற்கு ஒரு நிமிடம்?" என்றானாம். இன்னொரு பெண், "சூப்பர்" என்றாளாம். அவ்வளவுதான் விமர்சனம். அடுத்த சனிக்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "தாத்தா, நீங்களாவது ஒழுங்கா பாத்துச் சொல்லுங்க."

எனக்குக் கலை தெரியாது. ஆனால் பார்த்துச் சொல்வதற்கு ஒரு முறை தெரியும். அது பாண்டிச்சேரி கொடுத்தது. அப்பா அங்கே மில்லில் வேலை பார்த்ததால் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். ப்ரவே பரீட்சை முடிந்த பிறகுதான் சொந்த ஊரான வாலாஜாவுக்கு வந்து, தமிழில் டைப் அடிக்கக் கற்று, குமாஸ்தா ஆனேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் 'எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்' என்று ஒன்று உண்டு. ஒரு பத்தியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். எடுத்தவுடன் "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் முசியே பேனாவைப் பிடுங்கிவிடுவார். முதலில், இங்கே என்ன இருக்கிறது? பிறகு, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது? மூன்றாவதாக, அது எதைச் சொல்கிறது? நான்காவதாகத்தான் உன் அபிப்பிராயம். பின்னால் அலுவலகத்தில் கோப்பில் குறிப்பு எழுதும்போதும் இதே வரிசைதான். விவரம் முதலில், விதி அடுத்து, பரிந்துரை கடைசியில். விவரமே இல்லாமல் பரிந்துரை எழுதினால் கோப்பு திரும்பி வரும்.

அதனால் பேத்தியிடம் சொன்னேன்: "முதல்ல என்ன இருக்குன்னு எண்ணுவோம்மா."

அந்த ஒரு நிமிடத்தைப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்போம். இறங்கியவர்கள் 19 பேர். நான்காவது பெண் சாப்பாட்டுப் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிவிட்டுக் கம்பியைப் பிடிக்கிறாள். ஏழாவதாக இறங்கும் பெண் கீழே வந்ததும் இடுப்பில் கை வைத்துக் கொஞ்சம் நிமிர்கிறாள். நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்த இடுப்பு. இறங்கும்போது ஒருவரும் பேசவில்லை. நாலு அடி நடந்த பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்கிறார்கள். 'ஒன்றும் நடக்கவில்லை' என்று சொன்ன பையன் இதில் எதையும் பார்க்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்த ஆசிரியரும் பார்க்கவில்லை. எடுத்தவளே அப்போதுதான் பார்த்தாள்.

பன்னிரண்டாவது பெண் எங்கள் எதிர்வீட்டுக்காரி. படியில் கால் வைக்கும்போது செல்போனைப் பார்க்கிறாள். உடனே முந்தானையை இழுத்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போகிறாள். இரண்டு வினாடிகூட இருக்காது.

"இவங்கள கேட்டியாம்மா?" என்றேன்.

"இல்ல தாத்தா. கேட்டா எல்லாரும் சிரிச்சுகினு போஸ் குடுப்பாங்க. அப்புறம் அது நெஜமா இருக்காது."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

உலகத்தில் மக்களுக்குக் காட்டப்பட்ட முதல் சினிமாப் படங்களில் ஒன்று இதே காட்சிதான் என்று பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிரான்சில் லியோன் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் 1895-ல் எடுத்தது. தொழிற்சாலைக் கதவு திறக்கிறது, வேலையாட்கள் வெளியே வருகிறார்கள், அதிலும் பெண்கள்தான் அதிகம். ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த வருடம் டிசம்பர் 28 அன்று பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். 1896 ஜூலையில் அவர்களுடைய காட்சி பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கே வந்துவிட்டது. நம் பக்கத்தில் 1905 வாக்கில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர், திருச்சியில் துய்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிரெஞ்சு படித்தவன் என்பதால் இதையெல்லாம் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அந்தத் தொழிற்சாலை லூமியேர் குடும்பத்துடையது. புகைப்படத் தகடு செய்யும் தொழிற்சாலை. முதலாளிதான் காமிராவை வைத்தார், கதவைத் திறக்கச் சொன்னவரும் அவர்தான். அந்தக் காட்சியை ஒரு தடவை அல்ல, மூன்று தடவையாவது எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களிடம் யாராவது "உன்னை எடுக்கட்டுமா?" என்று கேட்டிருப்பார்களா?

இந்தக் காட்சியை ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ஹாரூண் ஃபரோக்கி. அவருடைய தகப்பனார் இந்தியர். சினிமாவுக்கு 100 வயது ஆன 1995-ல், தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வரும் காட்சிகளைப் பல படங்களிலிருந்து தேடி எடுத்து ஒரு படம் செய்தார். பின்னர் அவரும் மனைவி ஆன்ட்யே ஏமானும் 2011-லிருந்து 15 நகரங்களில் பயிலரங்கு நடத்தினார்கள். ஒன்று அல்லது இரண்டு நிமிடம், வெட்டு இல்லாமல் ஒரே ஷாட், பொருள் வேலை. சம்பளம் உள்ள வேலையும் சரி, சம்பளம் இல்லாத வேலையும் சரி. அந்த 15 நகரங்களில் பெங்களூரும் ஒன்று. வாலாஜா ரோடு ஸ்டேஷன் வழியாகப் போகும் ரயிலில் ஏறினால் போய்ச் சேரும் ஊர். ஃபரோக்கி 2014-ல் காலமானார். பேத்தியின் பயிற்சி அந்த வழியில் வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

வீடியோ கலை என்றால் டிவி சீரியல் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் 1963-லேயே ஜெர்மனியில் டிவி பெட்டிகளை வைத்துக் கண்காட்சி நடத்தியிருக்கிறார். நம் நாட்டில் நளினி மலானி, கராச்சியில் பிறந்து பிரிவினையில் இந்தப் பக்கம் வந்த குடும்பம், பிரெஞ்சு அரசாங்க உதவித்தொகையில் பாரிஸில் படித்தவர். 1998-ல், பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்த அதே வருடம், மாண்டோவின் டோபா டேக் சிங் கதையை வைத்து வீடியோ அமைத்தார். பிரிவினையையும் குண்டையும் சேர்த்து யோசிக்க வைக்கும் வேலை. கல்யாண வீடியோவோடு ஒப்பிடக் கூடியதல்ல.

சரி, கதைக்கு வருகிறேன். மறுநாள் பேத்தியை எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனேன். செல்போனில் படத்தைக் காட்டினோம். அந்தப் பெண் கடைசி வரை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தான் எடுத்துகிற கண்ணு. ஆனா காலைல இருந்து தைச்சுட்டு எறங்குறேன். அந்த நேரத்துல என் மூஞ்சி எனக்கே புடிக்காது. ஊட்டுக்கு வந்து மூஞ்சி கழுவினாதான் நான் மனுஷி. அதுக்கு முன்னால யாரும் என்னைப் பாக்கக் கூடாது. அழிச்சுடு."

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். பேத்தி அங்கேயே அழித்தாள். கல்லூரியில் கொடுத்திருந்ததையும் திரும்பக் கேட்டு வாங்கினாள். ஆசிரியர் மறுக்கவில்லை, ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். மகளுடைய பள்ளிக்கூடப் பையின் வார் அறுந்திருந்தது. அதைக் கெட்டியான நூலில் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். "இத எடு." ஒரு நிமிடம். தையலை முடித்து, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, பல்லால் நூலைக் கடித்தாள். அதைத்தான் பேத்தி கொடுத்தாள். மதிப்பெண் முதலில் சொன்னதைவிடக் குறைவு.

படமாகப் பார்த்தால் முதல் படம்தான் நல்ல படம். இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தப் பத்தொன்பது பேரின் மௌனம் இரண்டாவது படத்தில் இல்லை. ஒரு நல்ல வேலையை என் பேச்சைக் கேட்டு அந்தக் குழந்தை அழித்துவிட்டாளே என்று இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. ஆனாலும் அழித்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

"கேட்டுக் கேட்டு எடுத்தால் உண்மை எப்படி வெளியே வரும்?" என்று சிலர் கேட்கலாம். நம் பகுதிக்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். தோல் பதனிடும் கழிவு நீரால் கிணறும் நிலமும் கெட்டதற்காக வேலூர் குடிமக்கள் நலப் பேரவை போட்ட வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தோடு சேர்த்த தீர்ப்பு. கழிவு ஓடும் கால்வாயைப் படம் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கேட்டால் கிடைக்கவும் கிடைக்காது. தவறு செய்கிறவனைக் காட்டும்போது அவனிடம் சம்மதம் வாங்குவது பைத்தியக்காரத்தனம். ஆனால் களைத்துப் போய்ப் படியிறங்கும் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. அவளுடைய களைப்பு அவளுடைய சொத்து. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் கல்லூரி வேண்டும். செல்போன் எல்லாரிடமும் இருக்கிறது என்பதே அந்தப் பாடம் அவசியம் என்பதற்குக் காரணம்.

ஆகவே, யாரும் கேட்காத ஓய்வு பெற்ற குமாஸ்தாவின் பரிந்துரை இது. விமர்சன வகுப்பில் "சூப்பர்", "போர்" என்ற இரண்டு சொற்களையும் முதல் பத்து நிமிடம் தடை செய்யுங்கள். முதலில் எண்ணச் சொல்லுங்கள். எத்தனை பேர், என்ன சத்தம், எந்தக் கை. பிறகு காமிரா ஏன் அங்கே நின்றது, எவ்வளவு உயரத்தில் நின்றது என்று கேளுங்கள். அதன் பிறகு அபிப்பிராயம். கூடவே ஒரு கேள்வி: படத்தில் இருப்பவர் இதைப் பார்த்தாரா, என்ன சொன்னார்? இதற்கும் மதிப்பெண் போடுங்கள். இப்போது அதற்கு மதிப்பெண் இல்லாததால்தான் கேட்ட பிள்ளைக்குக் குறைகிறது, கேட்காத பிள்ளைக்குக் கூடுகிறது.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை ஒரு நிமிடப் படத்தைக் கொண்டு வந்து காட்டினால், கையில் டீயை வைத்துக்கொண்டு அரைக்கண்ணால் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்று சொல்லாதீர்கள். இரண்டு தடவையாவது பாருங்கள். நம் வயதில் நேரத்துக்கா பஞ்சம்?

அலுவலகத்தில் பொருளை முதலில் எழுதி, பார்வையை அதற்குக் கீழே எழுதினேன். அங்கே அதுதான் முறை. இந்தப் பாடத்தில் பார்வைதான் முதலில். பொருள் பிறகு வரும்.

இப்போது மாலையில் கம்பெனி பஸ் வரும்போது திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். முகம் கழுவிவிட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் எதிர்வீட்டுப் பெண்ணிடம், "என்னம்மா, வந்துட்டியா?" என்று கேட்கிறேன்.