‘குடும்பம்’ என்றால் கணக்கைக் கேள்

கூலியை அன்பளிப்பாகவும் உரிமையைத் தயவாகவும் மாற்றிக் காட்ட முதலாளிகள் கண்டுபிடித்த சொல் ‘குடும்பம்’. விமானக் கம்பெனிகளில் இந்தச் சொல் ரொம்பவும் புழங்கும். தொழிலாளி வாயைத் திறக்காதவரை அவன் குடும்பத்துப் பிள்ளை. சங்கம் என்று சொல்லிவிட்டால் பெயர் மாறிவிடும். ஜெட் ஏர்வேஸில் அப்படி மாறுவதற்குப் பதினோரு மாசம்தான் பிடித்தது.

2008 அக்டோபரில் அந்தக் கம்பெனி ஏறத்தாழ 1,900 பேரை வேலையை விட்டு அனுப்புவதாக அறிவித்தது. இளவயசுப் பிள்ளைகள், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆனவர்கள். சீருடையோடு மும்பையில் தெருவுக்கு வந்தார்கள். கட்சிகளும் சங்கங்களும் பின்னால் வந்தன. டெல்லி நெளிந்தது. ரெண்டே நாளில், ராத்திரி நேரத்தில், நிறுவனர் நரேஷ் கோயல் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். பிள்ளைகளின் கண்ணீரைத் தாங்க முடியவில்லையாம். நாமெல்லாம் ஒரே குடும்பமாம். பத்திரிகைகள் உருகின. தெருவில் நின்ற கூட்டம் வாங்கிய வெற்றி, மறுநாள் காலை முதலாளியின் கருணையாக அச்சாகி வந்தது.

2009இல் அதே கம்பெனியின் விமானிகள் ‘நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்டு’ என்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். முன்னால் நின்றவர்களைக் கம்பெனி வேலைநீக்கம் செய்தது. செப்டம்பர் 8 முதல் நூற்றுக்கணக்கான விமானிகள் உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டார்கள். கண்ணீரைத் தாங்க முடியாத அதே கோயல், இவர்கள் பயங்கரவாதிகளைப் போல நடந்துகொள்கிறார்கள் என்றார். பிள்ளை அழுதால் குடும்பம். பிள்ளை கணக்குக் கேட்டால் பயங்கரவாதம். ஆனால் சில நாளிலேயே நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை கருணை என்று யாரும் எழுதவில்லை.

“லட்சத்தில் சம்பளம் வாங்குறவனுக்காக நாம ஏன் வாய் வலிக்கப் பேசணும்?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான். நான் தொகையைப் பற்றிப் பேசவில்லை. உறவைப் பற்றிப் பேசுகிறேன். ‘நம்ம வூட்டுப் புள்ள மாதிரி’ என்று சொல்லிச் சொல்லித்தான் ஆண்டை பண்ணையாளுக்குக் கணக்குக் காட்டாமல் தலைமுறைகளை ஓட்டினான். வூட்டுப் புள்ளை நெல்லுக்குக் கணக்குக் கேட்க முடியாது. திண்ணையில் உட்காரவும் முடியாது. அந்த வார்த்தைக்கு ஒரு டை கட்டி, இங்கிலீஷ் பேசவைத்து விமானத்தில் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கிங்ஃபிஷரைப் பாருங்கள். 2005இல் பறக்கத் தொடங்கிய கம்பெனி. இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் விஜய் மல்லையாவே தோன்றி, உங்களை என் வீட்டு விருந்தாளியாக நடத்தச் சொல்லியிருக்கிறேன் என்பார். வீடு அவருடையது. விருந்தும் அவருடையது. பரிமாறியவர்களுக்கு 2012 மார்ச்சிலிருந்து சம்பளம் இல்லை. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருமான வரியைக்கூடக் கம்பெனி அரசுக்கு ஒழுங்காகக் கட்டவில்லை. அந்த அக்டோபரில் டெல்லியில் ஓர் ஊழியரின் மனைவி தற்கொலை செய்துகொண்டார். வீட்டுக்குப் பல மாதமாகச் சம்பளம் வராதிருந்தது. அதே மாதம் விமானங்களும் நின்றன.

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் தவணை தவறிய கிழவிக்கு ஏல நோட்டீஸ் அனுப்ப உறையில் முகவரி எழுதுகிற கை இது. மல்லையாவின் கம்பெனிக்கு ஸ்டேட் வங்கி தலைமையில் 17 வங்கிகள் கொடுத்த கடன் வட்டியோடு 9,000 கோடியைத் தொட்டது. 2016 மார்ச்சில் அவர் நாட்டை விட்டுப் போனார். நீதிமன்ற உத்தரவை மீறித் தன் பிள்ளைகளுக்கு 4 கோடி டாலரை மாற்றிக்கொடுத்ததற்காக 2022இல் உச்ச நீதிமன்றம் நாலு மாசச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பிள்ளை என்றால் யார், குடும்பம் என்றால் எது என்று அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் குழப்பம்.

அந்தக் குழப்பம் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் ஊழியர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது? சம்பள பாக்கியோடு, கம்பெனியைக் காப்பாற்றப் பணம் கொடுங்கள் என்று வங்கியைப் பார்த்துக் கெஞ்ச வைத்தது. ஏப்ரல் 17இல் கடைசி விமானம் கிளம்பியது. அப்புறம் திவால் வழக்கு. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் படியுங்கள் தோழர்களே. கம்பெனியைக் கலைத்து விற்கும்போது, ‘தொழிலாளி’ என்றால் 24 மாதக் கூலி பாக்கி அடமானக் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர் என்றால் 12 மாதம்தான், அதுவும் அதற்கு அடுத்த வரிசையில். “நான் தொழிலாளி இல்லை, ஸ்டாஃப்” என்று சொல்லிக்கொண்ட பெருமைக்கு இதுதான் விலை. வைப்புநிதியும் பணிக்கொடையும் முழுசாகத் தரப்பட வேண்டும் என்ற தீர்ப்பு கிடைத்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குடும்பத் தலைவர் கூப்பிட்டுக் கொடுத்ததல்ல அது. சங்கங்கள் வழக்காடி வாங்கியது. 2024 நவம்பரில் கம்பெனியையே கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

தனியார்தான் இப்படி, அரசுக் கம்பெனி யோக்கியம் என்று நான் சொல்லவரவில்லை. அரசு நடத்திய ஏர் இந்தியாவில் பணிப்பெண்ணுக்கு 35 வயசில் ஓய்வு. 45 வரை நீட்டிக்கலாம், ஆனால் அது நிர்வாக இயக்குநரின் இஷ்டம். முதல் பிரசவத்துக்கே வேலை போய்விடும். இவை இரண்டையும் 1981இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. ஒரு பெண்ணின் பத்து வருச வாழ்க்கை ஓர் ஆளின் கண்ணசைவில் தொங்கியதே, அதற்குப் பெயரும் நிர்வாகம்தான்.

அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையை வைத்திருந்தபோது, 1943இல், முதலாளி தொழிற்சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அந்தக் கருத்து 1947இல் சட்டத்திருத்தமாக நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வரவேயில்லை. அவர் முதலாளியிடம் அன்பைக் கேட்கவில்லை. எதிரே உட்கார ஒரு நாற்காலியைச் சட்டத்தால் போடச் சொன்னார்.

அந்த நாற்காலி கிடைத்தால் என்ன ஆகும்? 2024 மே மாதம் டாடாவின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் பணியாளர்கள் கூட்டமாக உடல்நல விடுப்பு எடுத்தார்கள். சுமார் 25 பேருக்கு வேலைநீக்கக் கடிதம் போனது. மே 9 அன்று டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னால் இரு தரப்பும் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் கடிதங்களைத் திரும்பப் பெற்றது. யாரும் அழுது காட்ட வேண்டியிருக்கவில்லை.

படித்து முடித்து வேலைக்குப் போகப்போகிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று. விமானமோ வங்கியோ கணிப்பொறியோ, சேருகிற அன்றைக்கு ஒருத்தன் கைகுலுக்கி “வெல்கம் டு த ஃபேமிலி” என்பான். சிரித்துக்கொண்டே கேளுங்கள்: வைப்புநிதி மாசாமாசம் கட்டுகிறீர்களா? வேலையை விட்டு அனுப்பும் விதி எழுத்தில் இருக்கிறதா? சங்கம் எந்த மாடியில்? அவன் முகம் மாறினால், அந்தச் சங்கத்தை நீங்கள்தான் தொடங்க வேண்டும்.