குளம் மூடியிருக்கும் நாளில்

"குளம் இன்றைக்கு ஏன் மூடியிருக்கிறது?" என்னும் வினாவை எங்கள் நீர்ச்சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கின்றோம். செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் வேட்டவலத்திலிருந்தும் பேருந்து மாறி, பிறகு ஆட்டோ பிடித்து, கால் ஊன்ற இயலாத பிள்ளையை இடுப்பில் சுமந்தபடி அடி அண்ணாமலை வரை வந்து சேரும் ஒரு தாய்க்கு, பூட்டிய கதவில் தொங்கும் "பராமரிப்பு" என்ற ஒற்றைச் சொல் விடையாகாது. அன்றைய கூலியை இழந்து உடன் வந்திருக்கும் தந்தைக்கும் அது விடையாகாது. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய முழு விடையை இத்தனை காலமும் சொல்லாமலிருந்தது எங்கள் பிழை. அவ்விடையையும், அதனோடு எங்கள் கருத்தொன்றையும் இங்கே எழுதுகின்றோம்.

குளத்தை நாங்கள் ஏன் விரும்புகின்றோம் என்பதை முதலில் கூறிவிடுகின்றோம். இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் ஏறத்தாழ அவரது எடையில் பாதியைத்தான் தாங்குகின்றன. மார்பளவு நீரில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றது; கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சுகின்றது. தரையில் ஓர் அடி எடுத்து வைக்க அஞ்சும் முழங்கால் தேய்மானக்காரர் நீருக்குள் பத்து அடி நடப்பது இதனால்தான். மூளை முடக்குவாதத்தால் விறைத்த பிள்ளையின் தொடைத் தசைகள் வெதுவெதுப்பான நீரில் சற்றே நெகிழ்கின்றன; பக்கவாதம் வந்தவரின் தோள், தரையில் எழும்பாத உயரத்துக்கு நீரில் எழும்புகின்றது. 1921-இல் இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்த ஃபிராங்க்ளின் ரூசுவெல்ட், 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குச் சென்றார். அங்கே இயல்பாகவே ஏறத்தாழ 31 பாகை வெப்பத்தில் ஊறும் நீரில் பயிற்சி செய்தார். பின்னர் அவ்விடத்தையே விலைக்கு வாங்கி, 1927-இல் மற்ற நோயாளிகளுக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அவருடைய கால்கள் மீளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளத்தில் இறங்கினால் பிள்ளை நடந்துவிடும் என்று எவரேனும் உங்களிடம் கூறியிருந்தால், அவர் எங்கள் பணியாளராகவே இருந்தாலும், அதை நம்ப வேண்டாம்.

உடலைத் தாங்கும் அதே நீர் உடலை அழுத்தவும் செய்கின்றது. கழுத்தளவு நீரில் இறங்கியவுடன் கால்களிலும் வயிற்றிலும் உள்ள குருதியில் அரை லிட்டருக்கு மேல் மார்பை நோக்கி ஏறுகின்றது. நலமான இதயம் இதை எளிதில் தாங்கும். பலவீனமான இதயம் திணறும். ஆகவேதான் இதயச் செயலிழப்பு உள்ளவர்களையும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களையும், அண்மையில் வலிப்பு கண்டவர்களையும் மருத்துவரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி நாங்கள் இறக்குவதில்லை. "அடுத்த வீட்டுக்காரர் இறங்குகிறாரே, எங்கள் அப்பாவை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. நீரிலிருந்து வெளியேறும் கணமும் கவனத்துக்குரியது. அழுத்தம் விலகிக் குருதி மீண்டும் கீழிறங்கும்போது தலை சுற்றும். படியேறியவுடன் உடை மாற்ற விரையாமல் சிறிது நேரம் அமர்ந்து ஒரு குவளை நீர் அருந்தச் சொல்வதற்கு அதுவே காரணம்.

இனி நீரின் தூய்மை. இம்மலையைச் சுற்றிக் குளங்களும் தீர்த்தங்களும் பல உண்டு. ஐயங்குளத்தைக் காணாமல் இவ்வூரில் வளர்ந்தவர் எவருமிலர். மழைக்காலத்தில் கோயில் குளத்துக்குப் புதுநீர் வருகின்றது, வெயில் படுகின்றது, மீன்கள் இருக்கின்றன. அத்தகைய குளங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எங்கள் நீலநிறத் தொட்டியும் ஒரு குளமாகவே தோன்றும். பெயரும் அப்படித்தான் வைத்திருக்கின்றோம். ஆனால் அது வேறு வகை. கூரைக்கடியில், கிருமிகளுக்கும் இதமான 33 முதல் 35 பாகை வெப்பத்தில், அதே நீர் பம்ப் வழியாக மணல் வடிகட்டிக்குள் சென்று மீண்டும் மீண்டும் திரும்பி வருகின்றது. காலையில் ஒருவர் விட்டுச் சென்ற வியர்வையில் மாலையில் மற்றொருவர் நிற்கின்றார். நோயெதிர்ப்பு குன்றியவர்களும் அறுவைத் தழும்பு புதிதாக ஆறியவர்களும் அதே நீரில்தான் இறங்குகின்றார்கள். சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் தோலிலும் காதிலும் தொற்றை உண்டாக்குவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

இந்நீரைக் காப்பது குளோரின். ஒரு லிட்டரில் 2 முதல் 3 மில்லிகிராம் வரை வினைபுரியாத குளோரின் இருக்க வேண்டும் என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் அளவு. ஆயினும் அந்த எண்ணை மட்டும் பார்த்து நிறைவடைய இயலாது. நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8-க்குள் நின்றாக வேண்டும். 7.2-இல் குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிருமிகளை வலுவாகக் கொல்லும் வடிவில் இருக்கின்றது. 8-ஐத் தொட்டால் அது நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. போட்ட மருந்து அதேதான், வேலை செய்வதோ பாதிகூட இல்லை. இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கின்றது. மூக்கைத் துளைக்கும் "குளோரின் வாசம்" வந்தால் நீர் சுத்தமாக இருப்பதாகப் பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கூடி உண்டாகும் சேர்மங்களின் நெடியே அது; கண்ணை எரிக்கும், இருமலைத் தூண்டும். நன்கு பராமரிக்கப்பட்ட குளத்தில் நெடி மிகக் குறைவாகவே இருக்கும்.

இடையில் ஒரு சொல், வீட்டில் இருப்பவர்களுக்கு. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். அப்போது வெளிப்படும் குளோரின் வாயு மூடிய குளியலறையில் உயிருக்கே உலை வைக்கும். எங்கள் மருந்து அறையில் இவ்விரண்டும் தனித்தனி அலமாரிகளில் பூட்டி வைக்கப்படுவது இதனால்தான்.

2024 மே முதல் ஜூலை வரை கேரளத்தில் அமீபா மூளைத் தொற்றால் மூன்று குழந்தைகள் இறந்தனர். ஒரு சிறுவன் விரைவாகக் கண்டறியப்பட்டுப் பிழைத்தான். இளஞ்சூடான நன்னீரில் வாழும் அவ்வமீபா குடிப்பதால் தொற்றுவதில்லை. மூக்கின் வழியே மூளைக்குச் செல்கின்றது. இது மிக அரிய நோய். இதைக் கேட்டுச் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம். போதிய குளோரின் உள்ள நீரில் அது நிலைக்காது. குளோரின் அளவு குறைந்த காலையில் நாங்கள் ஒருவரையும் இறக்காமல் நிற்பது எதற்காக என்பது இப்போது விளங்கியிருக்கும்.

நீரைக் காப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதில் சில எங்கள் ஊர் வழக்கத்தோடு மோதுகின்றன. குளத்துக்கு வரும் நாளில் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடுவது அன்பின் அடையாளம். கை கால் வலிக்குத் தைலம் தேய்த்து அனுப்புவதும் அப்படியே. ஆனால் அந்த எண்ணெய் குளோரினைத் தின்றுவிடும், வடிகட்டியின் மணலை அடைத்துவிடும். மஞ்சளும் சந்தனமும் திருநீறும் நீரைக் கலங்கச் செய்கின்றன. எண்ணெய்க் குளியலை முந்தைய நாளோ மறுநாளோ வைத்துக்கொண்டு, இறங்குமுன் சோப்பிட்டு ஒரு முறை குளித்துவிட்டு வாருங்கள். உடையைப் பற்றிப் பெண்கள் தயங்குவதை நாங்கள் அறிவோம். நீச்சல் உடை எவரிடமும் நாங்கள் கேட்பதில்லை. புடவையும் பாவாடையும் நீரில் மிதந்து காலைச் சுற்றுகின்றன என்பதே எங்கள் கவலை. இடுப்போடு ஒட்டிய கால்சட்டையும் முழங்கால் வரையிலான மேலாடையும் போதும். அவை குளத்துக்கென்றே துவைத்து வைக்கப்பட்டவையாக இருக்கட்டும்.

பேசுவதற்குக் கூச்சமான ஒன்றையும் பேசியாக வேண்டும். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும் வரை எவரும் குளத்தில் இறங்கக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி காரணமாயின் 14 நாள் காத்திருக்க வேண்டும். அது குளோரின் கலந்த நீரிலும் பல நாள் உயிரோடிருக்கும். தண்டுவடக் காயம் பட்டவர்கள் மலம் கழிக்கும் பயிற்சியை முடித்து, சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு வருதல் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சில வேளைகளில் நீரில் நேர்ந்துவிடும். அவ்வாறு நேர்ந்தால் உடனே சொல்லுங்கள். மறைத்து அமைதியாக வெளியேறிய ஒருவரை நாங்கள் கடிந்துகொள்ளவில்லை. அவர் மறைக்கும்படி நடந்துகொண்டிருக்கின்றோமே என்று எங்களைத்தான் கடிந்துகொண்டோம். உணர்ச்சியற்ற பாதங்கள் தொட்டியின் தரையில் உரசித் தோல் வழன்றாலும் அவர்களுக்குத் தெரியாது. எனவே நீர்க்காலுறை அணிவதும், வெளியே வந்தபின் உள்ளங்காலை ஒருவர் பார்ப்பதும் கட்டாயம். படுக்கைப் புண் உள்ளவர்கள் அது ஆறும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

நீர்ச்சிகிச்சைக் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. நீரை எவ்வாறு சூடேற்றுவது என்பதே அவற்றின் பேச்சு. மார்கழிக் காலையில் எங்களுக்கும் அது தேவைதான். ஆனால் சித்திரை வைகாசியில் எங்கள் சிக்கல் தலைகீழானது. கூரை ஓடு காய்ந்து, பிற்பகலில் நீர் 36 பாகையைத் தாண்டிவிடுகின்றது. அந்த வெப்பத்தில் பயிற்சி செய்பவரின் உடல் தன் சூட்டை வெளியேற்ற இயலாமல் களைத்துவிடும்; குளோரினும் விரைந்து ஆவியாகும். ஆகவே கோடையில் பிற்பகல் நேரங்களை நாங்கள் ரத்து செய்கின்றோம். பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகை தீபத்தின்போதும் கிரிவலப் பாதையில் தண்ணீர் லாரி நுழைய இயலாது, பணியாளர்களும் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. ஆள் குறைவாக இருக்கும் நாளில் குளத்தைத் திறப்பது எங்களுக்கு ஒப்பாகாது. நீரில் ஒருவர் இருக்கும்போது கரையில் ஒருவர் கண்ணெடுக்காமல் நின்றாக வேண்டும். கைபேசி பார்க்கும் காவலர் காவலர் ஆகார்.

தரையடி வடிகால் மூடியைப் பற்றிச் சிலர் கேட்டனர். 2002-இல் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி வெந்நீர்த் தொட்டியின் வடிகால் இழுவிசையில் சிக்கி இறந்தாள். அவளது தாயின் முயற்சியால் 2007-இல் அந்நாட்டில் வடிகால் மூடிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பம்ப் உறிஞ்சும் வலிமை அத்தகையது. மூடி விரிசல் விட்டிருந்தால் அது ஒன்றே குளத்தைப் பூட்டப் போதுமான காரணம்.

இப்போது எங்கள் பிழைக்கு வருகின்றோம். இக்கட்டுரைக்காகப் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது, ஒரு வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே குளோரின் அளவும் ஒரே பி.எச். அளவும் எழுதப்பட்டிருக்கக் கண்டோம். குளத்து நீர் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. காலைக்கும் மாலைக்குமே எண் மாறும். சோதனை செய்யாமல் முந்தைய நாளின் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கின்றோம். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததாக எந்தப் பதிவும் இல்லை. நேராதது எங்கள் திறமையால் அன்று. பதிவேடு உள்ளறை அலமாரியில் இருந்தது. எங்களைத் தவிர எவரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார்கள் என்பது எழுதிய கைக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே எங்கள் கருத்து இது: அன்றைய எண்களை அன்றே நோயாளிகள் பார்க்க வேண்டும். எங்களுள்ளேயே இதற்கு மறுப்பு இருந்தது. எண் புரியாதவர்கள் அஞ்சுவார்கள், சிறு ஏற்ற இறக்கத்துக்கும் சண்டை பிடிப்பார்கள் என்றனர் சிலர். சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் மனப்பாடமாகச் சொல்லும் மக்களிடம் மேலும் இரு எண்களைக் கொடுப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நாங்கள் விடையிறுத்தோம். சண்டை பிடித்தால் பிடிக்கட்டும். நீச்சல் குளத்து நீருக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 3328 என்னும் தரக்குறிப்பு இருக்கின்றது. உலக சுகாதார அமைப்பும் 2006-இல் வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கின்றது. நூல்கள் அலமாரியில் இருந்தபோதுதான் மூன்று நாள் எண்கள் நகலெடுக்கப்பட்டன.

பலகை சென்ற வாரம் மாட்டப்பட்டது. நின்று பார்ப்பவரின் கண் உயரத்தில் ஆணி அடித்திருந்தோம். சக்கர நாற்காலியில் வரும் ஓர் இளைஞர், "சார், இது யாருக்கு எழுதியது?" என்று கேட்டார். மறுநாள் பலகையை இரண்டு அடி கீழே இறக்கினோம். காலை முதல் நோயாளி இறங்குமுன் ஒரு முறையும், நண்பகலில் ஒரு முறையும், மாலையில் ஒரு முறையும் அதில் வெப்பமும் குளோரினும் பி.எச்.சும் எழுதப்படும், எழுதியவரின் பெயரும் இருக்கும். மூடியிருக்கும் நாளில் காரணம் ஒரு வரியில் இருக்கும். வெளியூரிலிருந்து வருபவர்கள் புறப்படுமுன் காலை ஏழு மணிக்குப் பிறகு உங்கள் சிகிச்சை அட்டையில் உள்ள எண்ணுக்குப் பேசினால், அன்றைய அளவைப் படித்துச் சொல்வோம். பலகை வெறுமையாக இருக்கக் கண்டால், நீரில் இறங்காமல் எங்களை அழையுங்கள்.