மாட்டை விட்டு எப்படி வருவது?

முன்பு பெரம்பலூரோடு சேர்ந்திருந்த அரியலூர் மாவட்டத்துக்குத் தெற்கு எல்லை கொள்ளிடம். 2018-லும் 2022-லும் ஆகஸ்டு மாதம் மேட்டூர் அணை நிரம்பி, முக்கொம்பு வழியாக இங்கே வெள்ளம் வந்தது.

வெள்ளம் என்றால் கரையோர ஜனங்களை மேட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். போகலாம். ஆனால் கொட்டிலில் நிற்கும் மாடு? வாசலில் படுத்திருக்கும் நாய்?

இந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. 2005-ல் அமெரிக்காவைக் கத்ரீனா புயல் தாக்கியது. நாய், பூனையை விட்டு வர மனமில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மறு வருஷமே அங்கே சட்டம் வந்தது. மீட்புத் திட்டத்தில் வீட்டுப் பிராணிகளுக்கும் இடம் வேண்டும் என்றது அந்தச் சட்டம்!

இங்கே? 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்குப் பிறகு தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. இறந்த மாட்டுக்கு ரூ.37,500. ஆட்டுக்கு ரூ.4,000. கோழிக்கு ரூ.100. நல்ல காரியம்தான். ஆனால் அது செத்த பிறகு வரும் பணம். கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் வீட்டுக்கு உயிரோடு மாடு வேண்டும்.

முகாமுக்குப் பக்கத்திலேயே ஒரு மேட்டுத் திடல், கொஞ்சம் வைக்கோல், குடிதண்ணீர். இவ்வளவு இருந்தால் ஜனங்கள் தயங்காமல் கிளம்புவார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் உடனே வந்துவிடுவதில்லை. அதற்குள் மாடுகளை ஓட்டிப் போகலாம். முடியாவிட்டால், கிளம்பும்போது கயிற்றையாவது அவிழ்த்து விடுங்கள். மாட்டுக்கு நீந்தத் தெரியும்.