முதல் நாளே எழுத வேண்டியது

அமெரிக்க ஆஸ்பத்திரிகள் நோய்களையும் காயங்களையும் பதிவு செய்வதற்குக் கைக்கொண்டிருக்கும் ஐசிடி-10-சிஎம் என்னும் வகைப்பாட்டில், அணு ஆயுதத்தால் நிகழும் பயங்கரவாதத்துக்கென்று ஒய்38.5 என்ற குறியீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. காயமுற்றவர் பொதுப் பாதுகாப்பு உத்தியோகஸ்தரா, சாதாரணப் பிரஜையா, அக்கொடுஞ்செயலைப் புரிந்தவனேதானா என்பதைக்கூட அது பிரித்துக் காட்டும். அமெரிக்க நோயாளிகளின் மருத்துவ ஏடுகளுக்குச் சென்னையில் அமர்ந்து கோடிங் செய்யும் நம் இளைஞர்கள், பயிற்சிக் காலத்தில் இப்பக்கத்தை விரைந்து புரட்டிக் கடந்திருக்கக் கூடும். அதற்கு ஒருநாளும் வேலை வராதிருக்க வேண்டும் என்பதே எல்லோருடைய பிரார்த்தனையும். ஆயினும், ஆபத்துக் காலத்துக்கென்று விதி வகுத்தவர்கள், அவ்விதி ஆபத்து வந்த அன்று இயங்குமா என்று பார்க்கவும் கடமைப்பட்டவர்கள். இன்றுள்ள நிலையில் அது இயங்காது என்பதே நமது கருத்து.

ஏனெனில், எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் புலனாய்வுத் துறை ஒரு நிகழ்ச்சியைப் பயங்கரவாதம் என்று நிர்ணயித்த பின்னரே இக்குறியீட்டை எழுதலாம். வெறும் சந்தேகம் மட்டும் இருப்பின், பிறரால் தாக்கப்பட்ட காயம் என்றே எழுத வேண்டும். குற்றவாளியின் நோக்கத்தை ஆராய்வது புலனாய்வாளரின் காரியம் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், இம்மனிதன்மேல் கதிர் பட்டதா, எங்கே நின்றபோது பட்டது, எந்த அளவில் பட்டது என்பன வைத்தியருடைய காரியங்கள். காயத்தின் புறக் காரணத்தைக் குறித்தே தீர வேண்டும் என்று தேசம் முழுவதற்குமான கட்டாயமும் அங்கு இல்லை. மேலும், ஒய்38.5-இன்கீழ் சொல்லப்படுவன யாவும் அணு ஆயுதத்தின் வெடிப்பு, தீக்கோளம், வெப்பம், கதிர்வீச்சு ஆகியவையே. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து களவாடிய சீசியம் என்னும் கதிரியக்கப் பொருளைச் சாதாரண வெடிமருந்தோடு சேர்த்துச் சந்தையில் சிதறடிப்பவனுடைய செயலுக்கு அங்கே தெளிவான இடம் காணோம். நிபுணர்கள் நெடுங்காலமாக அஞ்சி வருவதோ பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான்.

கதிரியக்கப் பொருள் மக்கள் நடுவே பரவினால் என்ன நேரும் என்பதைப் பிரேசில் நாட்டின் கொயானியா நகரம் 1987-ல் அனுபவித்துக் கண்டது. அது பயங்கரவாதமன்று, அலட்சியத்தின் விளைவு. கைவிடப்பட்ட கதிர் சிகிச்சை நிலையத்திலிருந்து செப்டம்பர் 13 அன்று எடுத்துச் செல்லப்பட்ட கருவியை உடைத்தபோது, இருளில் நீலமாய் ஒளிர்ந்த சீசியம்-137 பொடியை மக்கள் வியப்போடு வீடுகளுக்குக் கொண்டு சென்றார்கள். குழந்தைகளும் அதைத் தொட்டு விளையாடினார்கள். வாந்தியும் பேதியும் தோல் புண்ணுமாக வந்தவர்களைப் பார்த்த வைத்தியர்கள், ஒவ்வாமை என்றும் வெப்பநாட்டு நோய் என்றும் கருதினார்களே அன்றி, கதிரியக்கத்தை நினைக்கவில்லை. உண்மை நிச்சயமானது செப்டம்பர் 29 அன்று. சுமார் 1,12,000 பேரைச் சோதித்ததில் 249 பேரிடம் மாசு காணப்பட்டது. ஒரு சிறுமி உட்பட நால்வர் சில வாரங்களில் மாண்டனர். அச்சிறுமியின் சவ அடக்கத்தைக்கூட அஞ்சிய மக்கள் கூட்டம் எதிர்த்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

சிகிச்சை முறை தெரியாததன்று. உயிருக்கு ஆபத்தான காயத்தை முதலில் கவனிக்க வேண்டும், கதிரைக் கண்டு அஞ்சி அதைத் தள்ளிப் போடலாகாது. ஆடைகளைக் களைந்தாலே உடலின்மேல் படிந்த மாசில் பெரும்பகுதி நீங்கிவிடும். உட்சென்ற சீசியத்தை வெளியேற்றப் பிரஷ்யன் நீலமும், புளூட்டோனியத்துக்கு டி.டி.பி.ஏ.யும் உண்டு, எல்லோரும் தேடி ஓடும் அயோடின் மாத்திரை, கதிரியக்க அயோடினுக்கு மட்டுமே காப்பு. கதிர் பட்ட எத்தனை நேரத்தில் முதல் வாந்தி வந்தது, இரத்தத்தின் லிம்போசைட் அணுக்கள் அடுத்த இரண்டு நாட்களில் எவ்வளவு வேகமாகக் குறைந்தன என்னும் இரண்டையும் முக்கியமாகக் கொண்டு வைத்தியர் கதிரின் அளவை ஊகிக்கிறார். அந்த நாழிகைகள் கடந்த பின்னர், எழுதாமல் விட்டதை யாராலும் மீட்க முடியாது.

ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் பிழைத்தவர்கள் இதை அறிவார்கள். குண்டு விழுந்த பல ஆண்டுகளுக்குப் பின்னர், அன்று காலை எங்கே நின்றீர், இடையே சுவர் இருந்ததா என்று நினைவைக் கிளறிக் கேட்டுத்தான் அவர்கள் மேல் பட்ட கதிரை ஆராய்ச்சியாளர் கணக்கிட்டார்கள். ஜப்பானிய சர்க்கார் அவர்களுக்குச் சிகிச்சைக்கு அத்தாட்சியான ஆரோக்கியக் கையேடு வழங்கச் சட்டம் செய்ததோ 1957-ல், அதாவது 12 ஆண்டுகள் கழித்து. அதற்குள் சாட்சி சொல்லக்கூடியவர்கள் பலர் மறைந்து போயிருந்தார்கள். தாமதமாக வந்ததாயினும் அக்கையேடு உயர்ந்த ஏற்பாடு. நகரத்தில் இருந்தவர்களை மட்டுமின்றி, பின்னர் உள்ளே சென்றவர்களையும், காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தவர்களையும், தாயின் கருவில் இருந்தவர்களையும் அது ஏற்றுக்கொண்டது.

ஆகவே, கதிரியக்கக் காயம் எதுவாயினும், அதன் காரணத்தையும், நின்ற இடத்தையும், வாந்தி கண்ட நேரத்தையும், இரத்தச் சோதனையின் முடிவுகளையும் முதல் நாள் தொட்டே பதிவு செய்வதை அமெரிக்க சர்க்கார் தேசமெங்கும் கட்டாயமாக்க வேண்டும். அணு ஆயுதமின்றிக் கதிர்ப்பொருளைச் சிதறடிக்கும் செயலுக்குத் தனிக் குறியீடு வேண்டும். பதிவின் பிரதியொன்று, ஆயுள் முழுதும் இலவசச் சிகிச்சைக்கு அத்தாட்சியாக, காயமுற்றவர் கையிலேயே இருக்க வேண்டும். எஃப்.பி.ஐ. தன் விசாரணையை முடித்து நோக்கத்தை நிர்ணயித்த பின்பு, அதற்குரிய எண்ணை அதே ஏட்டில் சேர்த்துக்கொள்வதற்கு யாதொரு தடையும் இராது.